அறுபத்து மூன்று கெண்டைகளும் ஊசிபாயும்

என் எழுதுமேசையின் வலது இழுப்பறையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கிறது. நுனி சற்றே மேல்நோக்கி வளைந்தது. கைப்பிடி வளையங்களில் ஒன்று எப்போதோ விரிசல் விட, அதன்மேல் ஊதா நூலை நெருக்கமாகச் சுற்றியிருக்கிறார்கள். காயத்துக்குக் கட்டும் துணியை வெட்டுவதற்காகச் செய்த இந்தக் கத்தரி, 1962 தை மாதத்தில் ஒரே பகலில் அறுபத்து மூன்று மீன்களின் துடுப்பை வெட்டியது. எண்ணிக்கையில் பிசகு இல்லை. அன்று மூன்று முறை எண்ணியவன் நான்.

கத்தரி என்னுடையதல்ல. அதன் சொந்தக்காரரை ஊர் 'ஊசிபாய்' என்றது. சுகாதாரத் துறையில் அவருடைய பதவியின் பெயர் வாக்சினேட்டர். அம்மை குத்துவதுதான் வேலை. கட்டுமாவடிக்காரர். அவருடைய தகப்பனார் அங்கே கருவாடு காயப்போட்டு விற்றவர். ஏழு வயதில் வந்த பெரியம்மை அவர் முகம் முழுவதும் குழிகளை விட்டுப் போயிருந்தது. சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயத்தில் அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்துக் குழாய்கள். வட்டமாக முள் வைத்த ஒரு கருவியைத் தோலில் வைத்து அவர் திருகுவார். அந்தத் திருகலுக்குப் பயந்து, சைக்கிள் மணி கேட்டதும் ஊரே சோளக்கொல்லைக்குள் புகுந்துவிடும். அவர் பதிவேட்டில் எங்கள் ஊருக்கான பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. ஆனாலும் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார்.

'எங்கள் ஊர்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். நான் அந்த ஊருக்கு உத்தியோகத்தில் போனவன். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948-ல் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, திருவரங்குளத்துக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரை ஊரில் கிராம சேவக்காக அமர்ந்தேன். அப்போது புதுக்கோட்டை தனி மாவட்டமல்ல, திருச்சி மாவட்டத்தின் பகுதி. கிராம சேவக் என்றால் உரக்குழி வெட்டச் சொல்வது முதல் கோழி வளர்ப்பு வரை எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். நாள்தோறும் டைரி எழுதியாக வேண்டும் என்பது விதி. ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் அந்த விதியை மட்டும் நான் விடவில்லை. இங்கே எழுதுவதில் நினைவு தடுமாறிய இடங்களை அந்த டைரிகளைக் கொண்டே சரிபார்த்திருக்கிறேன்.

1961 புரட்டாசியில் தஞ்சாவூர்ப் பக்கத்து மீன்பண்ணை ஒன்றிலிருந்து கெண்டைக் குஞ்சுகள் வந்தன. கட்லா, ரோகு, மிர்கால் என்று மூன்று வகை. புதுக்கோட்டை ஸ்டேஷனில் தகர டப்பாக்களை இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, வழியெல்லாம் தண்ணீரைக் கையால் அளைந்து காற்றுக் கொடுத்துக்கொண்டே கொண்டுபோனேன். கண்மாயின் கீழே மேலக்குட்டை, கீழக்குட்டை என்று ஒரு கூப்பிடு தூரத்தில் இரண்டு குட்டைகள் இருந்தன. அவற்றில் குஞ்சுகளை வளர்த்து, மாசியில் கண்மாயில் விடுவது திட்டம். சித்திரையில் கண்மாய் வற்றும்போது ஊர் முழுவதும் ஒரே நாளில் இறங்கி மீன் பிடித்து, வீட்டுக்கு வீடு பங்கு வைப்பது அங்கே வழக்கம். குட்டைகளைக் கொடுக்க ஊரில் பாதிப்பேருக்கு மனமில்லை, மாடு குளிப்பாட்ட இடம் போய்விடுமாம். ஊரின் பரம்பரைத் தலைவரான அம்பலகாரர்தான் பேசி முடித்தார். "ரெண்டு சித்திரை பாப்போம். அதுக்குள்ள சர்க்கார் மீனு எங்க கொழம்புல கொதிக்கலைன்னா குட்டை மாட்டுக்கு. நீங்க வேற ஊரு பாத்துக்கங்க சேவக் சார்" என்றார். அவர் சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவரில்லை. என் திட்டத்தின் ஆயுள் அன்று நிர்ணயமாகிவிட்டது.

முதல் தவணை முழுவதையும் மேலக்குட்டையில்தான் விட்டிருந்தேன். மார்கழி முடியும் தறுவாயில் அந்த மீன்கள் கரைக்கல்லில் உடம்பைத் தேய்க்கத் தொடங்கின. ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். தோல் முழுக்க ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒரு வாரத்தில் கூடை கூடையாகச் செத்து மிதந்தன. நான் மீன் வளர்ப்புக் கைப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஊர் தன் முடிவுக்கு வந்துவிட்டது. மீனுக்கு அம்மை போட்டிருக்கிறது. அம்பலகாரரின் மனைவி குட்டையின் நான்கு மூலையிலும் வேப்பங்குலை நட்டார். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் காயவிட்டுத் தாளிக்கக் கூடாது என்பது வழக்கம். அதன்படி குட்டைத் தெருவில் ஒரு வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை. மீனுக்கு அம்மை என்பதற்காக மனிதர்கள் தாளிப்பில்லாத குழம்பு சாப்பிட்ட ஊர் அதுவாகத்தான் இருக்கும். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை டைரியிலும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது படித்தால் கூசுகிறது.

தை பிறந்ததும் சாவு நின்றது. வலை போட்டு அலசியதில் மிஞ்சியவை அறுபத்து மூன்று. புள்ளிகள் உதிர்ந்து, மெலிந்து, ஆனால் துள்ளிக்கொண்டிருந்தன. அதற்குள் நான் எழுதிய கடிதத்துக்கு மேலதிகாரியிடமிருந்து பதில் வந்தது. எஞ்சிய மீன்களை அகற்றிக் குட்டையை வற்றவைத்துச் சுண்ணாம்பு தெளிக்கவும். நியாயமான உத்தரவுதான், கைப்புத்தகமும் அதையே சொன்னது. நோய்ப்பட்ட மீன் நோயைச் சுமந்துகொண்டு திரியும், ஆகவே புதைத்துவிட வேண்டும். நானும் அப்படியே நம்பினேன். கூடையும் மண்வெட்டியுமாகப் போனபோது கரையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"ஆத்தா வெளையாடிட்டு விட்டுட்டுப்போன உசுரு தம்பி. அதக் கொல்றதுக்கு நீங்க யாரு?" என்றார் அம்பலகாரரின் மனைவி.

"மேலிடத்து உத்தரவும்மா."

"எங்க மேலிடம் அந்தா இருக்கு" என்று மாரியம்மன் கோயில் பக்கம் கையைக் காட்டினார்.

ஊசிபாய் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். ஊரே குட்டைக்கரையில் கூடிக் கிடந்ததால் அன்று சோளக்கொல்லைக்கு ஓட யாருக்கும் தோன்றவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கி வந்து, குந்தி உட்கார்ந்து மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், என் மூஞ்சியப் பாருங்க. ஏழு வயசுல ஆத்தா வந்து போனாக. அன்னையிலேருந்து அம்மை வீடு எத்தனை ஏறி எறங்கியிருப்பேன்? பக்கத்துல உக்காந்து கஞ்சி குடுத்திருக்கேன். மறுபடி வரல. மீனுக்கு மட்டும் வேற சட்டமா?"

"மனுசனும் மீனும் ஒண்ணா பாய்?" என்றேன்.

"தெரியாது சார். தெரியாததுனாலதான் கொல்ல வேணாங்கிறேன்."

நான் படித்த எத்தனையோ விஞ்ஞானக் கட்டுரைகளில் இந்த ஒரு வரிக்கு ஈடான வரி அதிகமில்லை. உத்தரவுப்படி மேலக்குட்டையை வற்றவைத்துச் சுண்ணாம்பு போடுவது, அறுபத்து மூன்றையும் கீழக்குட்டையில் தனியே விட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. "குத்துனவனுக்குக் கையில தழும்பு இருக்கும்ல? இதுகளுக்கும் ஒரு அடையாளம் வேணும்" என்று பெட்டியைத் திறந்து கத்தரியை எடுத்தார் பாய். ஈரத்துணியால் மீனின் கண்ணை மூடி, இடப்பக்க வயிற்றுத் துடுப்பின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு. வெட்டி முடிந்ததைத் தண்ணீரில் விடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு விசாரிப்பு. "ஒனக்கு முடிஞ்சிருச்சு, போ. வலிக்குதா? எட்டாம் நாளு வந்து பாக்குறேன்." மனிதர்களிடம் சொல்லக் கிடைக்காத வாசகங்களையெல்லாம் அன்று மீன்களிடம் சொல்லித் தீர்த்தார். நான் எண்ணிக்கையை அறிவித்ததும் அம்பலகாரர் கையைக் கூப்பினார். "அடடா, அறுபத்துமூவரு! திருவரங்குளத்துச் சிவன் கோயில்ல இருக்கிறவுக இங்கிட்டு வந்துட்டாகளே." அன்று முதல் அவை அறுபத்துமூவர்தான். நோன்பு வைத்திருந்த நாட்களில்கூட ஊசிபாய் வந்து, "மூவரெல்லாம் சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

முதல் சித்திரை கழிந்தது. கண்மாயில் வழக்கமான விராலும் கெளுத்தியும்தான். அறுபத்துமூவரைக் கண்மாயில் விடவில்லை. அவற்றைத் தொடவும் யாரும் சம்மதிக்கவில்லை. "ஒரு சித்திரை போச்சு சேவக் சார்" என்று அம்பலகாரர் ஒரு விரலை மடக்கிக் காட்டினார். எனக்கு இருந்தது இன்னும் ஒரு விரல்.

1962 புரட்டாசியில் இரண்டாவது தவணைக் குஞ்சுகள் வந்தன. பாதியை மேலக்குட்டையிலும் பாதியைக் கீழக்குட்டையில் அறுபத்துமூவரோடும் விட்டேன். மார்கழியில் அதே வியாதி, சுண்ணாம்பு போட்டும் அதே மேலக்குட்டை. இந்த முறை நான் கரை முழுவதும் கயிறு கட்டினேன். மேலக்குட்டையில் பட்ட வலையோ குடமோ மனிதக் காலோ கீழக்குட்டைப் பக்கம் போகக் கூடாது என்று தண்டோராப் போட்டேன். கீழக்குட்டைக் குஞ்சுகள்தான் இனி எனக்கு மிச்சம். அவையும் போனால் திட்டமும் போயிற்று. பாய் வந்தார். அறுபத்துமூவரில் பத்தைப் பிடித்து, மூங்கில் கூண்டில் அடைத்து, சாகிற மீன்களுக்கு நடுவே மேலக்குட்டையில் இறக்கச் சொன்னார். மனமில்லாமல்தான் செய்தேன். எட்டாம் நாள் கூண்டைத் தூக்கினோம். சுற்றிலும் புள்ளி மண்டிய பிணங்கள். கூண்டுக்குள் பத்தும் துடைத்துவைத்த வெண்கலம்போல் மின்னின. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் தொழிலில் ஊசி பலித்ததற்குச் சொல்லும் சொல்லைப் பாய் சொன்னார். "எடுத்திருச்சு சார்!" பழைய மீன்களைக் கொல்லாமல் விட்டது சரி என்று நிரூபணமாயிற்று. ஆனால் புதுக் குஞ்சுகளுக்கு அதனால் என்ன லாபம்?

அதற்கான விடையை நான் கண்டுபிடிக்கவில்லை, பாயும் கண்டுபிடிக்கவில்லை. விடை வந்தது ஒரு தவறாக. அந்தத் தவறு அந்த ஊர்ப் பெண்களைத் தவிர வேறு யாருக்கும் நேர்ந்திருக்காது.

அம்மை இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, அது சூடேறியபின் ஊற்றுவது முறை. 1963 தையில், மேலக்குட்டையில் சாவு குறைந்த சமயம், நான் திருவரங்குளம் யூனியன் ஆபீசுக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த பகலில், மீன்களுக்கு அந்தச் சடங்கை நடத்திவிட்டார்கள். மேலக்குட்டைத் தண்ணீரையே அண்டா அண்டாவாக மொண்டு, வெயில் ஏறும்வரை வைத்து, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட உப்பையும் அதில் கொட்டியிருக்கிறார்கள். தோல் நோய்க்கு உப்பு நேர்வது அங்கே வழக்கம். பாதியை மேலக்குட்டையில் ஊற்றினார்கள். மீதியை, நான் கட்டிய கயிற்றைத் தாண்டிக் கொண்டுபோய்க் கீழக்குட்டையில் ஊற்றினார்கள். நான் ஓடி வந்து சத்தம் போட்டபோது அம்பலகாரரின் மனைவிக்கு என் கோபமே விளங்கவில்லை. "ஒரு வீட்டுப் பிள்ளைகள்ல பாதிக்கு ஊத்தி பாதிக்கு ஊத்தாம விடுவாகளா தம்பி? அதுகளும் நம்ம மீனுதான?" என்றார். நோய்த் தண்ணீரை நல்ல குட்டையில் ஊற்றியாயிற்று. அன்றைய டைரியில் இரண்டே சொற்கள்: எல்லாம் போயிற்று.

எட்டாம் நாள் கீழக்குட்டையில் புள்ளி தென்பட்டது. நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் முழங்கால் தண்ணீரில் இறங்கி மீன்களைப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் போட்ட கூச்சலில் கரையிலிருந்த கொக்குகள் எழுந்தன. "சார், எந்திரிச்சு வாங்க! எண்ணிப் பாருங்க! நீங்கதான் எண்ணுறவுக!" எண்ணினேன். ஒரு மீனில் மூன்று புள்ளி. இன்னொன்றில் ஐந்து. மற்றொன்றில் இரண்டே இரண்டு. மேலக்குட்டை மீனில் எண்ணவே முடியாது. பாய் தன் சட்டைக் கையைச் சுருட்டி, மேற்கையில் இருந்த தழும்பைக் காட்டினார். உத்தியோகத்தில் சேர்ந்த அன்று தேவையில்லாமலே குத்தப்பட்டது அது. "ஒடம்பு பூராப் போட்டா அது அம்மை. ஒரு எடத்துல ஒரு முத்துப் போட்டா அது ஊசி. நம்ம அம்பலகாரர் வீட்டம்மா மீனுக்கெல்லாம் குத்திப்புட்டாக சார்!"

நான் நம்பவில்லை. பதினைந்தாம் நாள் புள்ளிகள் உதிர்ந்தன, ஒரு மீன்கூடச் சாகவில்லை. அப்போதும் நம்பவில்லை. இருபது குஞ்சுகளைக் கூண்டில் அடைத்து மேலக்குட்டையில் இறக்கினோம். அங்கே எஞ்சியிருந்த மீன்கள் அப்போதும் புள்ளியோடுதான் திரிந்தன. அந்த எட்டு நாளும் வேறு வேலை ஓடவில்லை. கூண்டு தூக்கும் நேரத்துக்குக் கரையில் ஊர் முழுவதும் நின்றது. பாய் கூண்டின் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். நான் இரண்டு பக்கமும் பார்த்து எண்ணைச் சொன்னேன். இருபதாவது மீனையும் திருப்பிப் பார்த்து, "சுத்தம்" என்று நான் சொல்வதற்குள் அம்பலகாரரின் மனைவி குலவையிட்டுவிட்டார்.

பிற்காலத்தில் புத்தகங்களில் தேடி, கிடைத்தவரை தெரிந்துகொண்டேன். அந்தப் புள்ளிகளுக்குக் காரணம் மீனின் தோலுக்குள் புகுந்து வளரும் ஒரு நுண்ணுயிர். தண்ணீர் சூடேறினால் அதற்கு வலுக் குறையும், உப்பும் அதற்கு ஆகாது. கொஞ்சமாகத் தொற்றிப் பிழைத்த மீனுக்கு அதை எதிர்க்கும் சக்தி உண்டாகிவிடுகிறது. அண்டாவில் இருந்த வெயிலும் உப்பும் தொற்றை இளைக்க வைத்திருக்க வேண்டும். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. கயிறு கட்டிய நான் செய்யாததை, கயிற்றைத் தாண்டியவர்கள் செய்தார்கள் என்பது மட்டும் டைரியில் இருக்கிறது.

மாசியில் கீழக்குட்டை மீன்களையும் அறுபத்துமூவரையும் கண்மாயில் விட்டோம். 1963 சித்திரையில் ஊர் மீன்பிடி. கோயில் மேளம் முழங்க, வெள்ளைத் துண்டை அம்பலகாரர் வீசியதும், கூடையும் வலையுமாக ஊர் தண்ணீருக்குள் பாய்ந்தது. முதல் கட்லா கரையில் விழுந்தபோது, இவ்வளவு பெரிய தலையுள்ள மீனைப் பார்த்திராத ஒருவர், "ஏய், இது கன்னுக்குட்டிடா!" என்று கத்தினார். ரோகு, மிர்கால், மறுபடி கட்லா. கரை வெள்ளியாகக் கிடந்து துள்ளியது. நடுநடுவே, "மூவர்ல ஒருத்தரு! மூவர்ல ஒருத்தரு!" என்று குரல் வரும். துடுப்பில் வெட்டுள்ள மீனை இரண்டு கையாலும் ஏந்தி, வற்றாத மடுவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். விட்டவற்றையும் நான் எண்ணினேன். ஐம்பத்தொன்பது.

கரையில் நின்ற ஆலமரத்தடியில் பாய் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே உட்கார வைத்தது அம்பலகாரர். பங்கு வாங்கக் கூட்டம் முண்டியடித்தபோது மரத்து வேரில் ஏறி நின்று அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "மீனுக்குத் தண்ணி ஊத்துனது நம்ம வீட்டுப் பொம்பளைக. ஆத்தா கோவிச்சுக்கிட்டாளா? இந்தா, எல்லாம் பொழச்சு வந்து கெடக்கு. அப்பறம் பாயக் கண்டா மட்டும் எதுக்குடா சோளக்கொல்லைக்கு ஓடுறீங்க? மீனுக்கு இருக்கிற தைரியம் ஒங்களுக்கு இல்லையா? கையக் காட்டு, மீன வாங்கு. மொதல்ல எனக்கு."

"மெதுவாத்தான் குத்துவேன் அம்பலகாரரே" என்றார் பாய்.

"நீ மீனோட பேசுனத நானுந்தான் கேட்டேன். எங்கிட்ட அப்படிப் பேசாம குத்து, போதும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வலக்கையில் ஈர்க்கில் கோத்த மீன், இடக்கை பாயிடம். இப்படி ஒரு வரிசை பொழுது சாயும்வரை நகர்ந்தது. மூன்று ஆண்டாக வெள்ளையாகக் கிடந்த பக்கம் அன்று நிரம்பி, அடுத்த பக்கத்துக்கும் போயிற்று. அவருக்குக் கை ஓய்ந்தபோது பெயர் எழுதும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். எட்டாம் நாள் வந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார். தெருத்தெருவாக, "எடுத்திருச்சு, எடுத்திருச்சு" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

குட்டைகள் மாட்டுக்குப் போகவில்லை. அடுத்த தையிலும் அதற்கடுத்த தையிலும் அண்டா, வெயில், உப்பு என்று நாங்களே திட்டம் போட்டுச் செய்தோம். பாய் நாள் குறிப்பார், நான் புள்ளி எண்ணுவேன், அம்பலகாரரின் மனைவி ஊற்றுவார். 1965-ல் பாய்க்கு அறந்தாங்கிப் பக்கம் மாற்றலாயிற்று. புறப்படும்போது கத்தரியை என் சட்டைப்பையில் போட்டார். "மனுசனுக்கு வெட்ட வேண்டியதில்ல. மீனுக்கு நீங்க வெட்டுங்க. வாரேன் சார்" என்றார். இந்தியாவில் பெரியம்மை அற்றுப்போன செய்தி வந்தபிறகு ஒருமுறை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைச் சந்தித்தேன். நரைத்திருந்தார். முகத்துக் குழிகளில் சிரிப்பு நிறைந்திருந்தது. "இனி குத்துறதுக்கு ஒரு ஆளு இல்ல சார். நம்ம செயிச்சுட்டோம்" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கத்தான் சொன்னார்.

சென்ற வாரம் செய்தித்தாளின் உள்பக்கத்தில் சிறிய செய்தி ஒன்று வந்திருந்தது. வளர்ப்பு மீன்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் ஆராய்ச்சி பற்றியது. மருந்து கலந்த தண்ணீரில் குஞ்சுகளைச் சற்றுநேரம் விட்டு எடுக்கும் முறையும் அதில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். இழுப்பறையைத் திறந்து, நூல் சுற்றிய வளையத்தில் விரலை நுழைத்து, அந்தச் செய்தியை வெட்டி எடுத்தேன். கத்தரி இன்னமும் நேராகவே வெட்டியது. 1963-ஆம் ஆண்டு டைரியைத் தேடி எடுத்து, 'எல்லாம் போயிற்று' என்று எழுதிய பக்கத்தில், அந்த இரண்டு சொற்களின் மேலேயே செய்தியை ஒட்டினேன். பசை காய்ந்தபின் அதன் கீழே ஒட்டிய தேதியைக் குறித்து, பாயின் சொல்லைப் பாயின் பேச்சிலேயே எழுதி வைத்தேன்: எடுத்திருச்சு.